தொண்ணூற்றேழில் மீதி பத்து

இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். இன்று மேசை இழுப்பறையில் உங்கள் பென்சில் கையில் பட்டது. பலகையில் கோடு போடும் தட்டைப் பென்சில். நீங்கள் என் மேசையில் விட்டுப்போனது; நான் திருப்பித் தராதது.

அறுபதுகளில் காரைக்குடிப் பள்ளியில் நீங்கள் மரவேலை வாத்தியார். நான் எம்.எஸ்ஸி. படித்த கணக்கு வாத்தியார். பத்து லட்சத்துக்குள் ஆகப் பெரிய பகா எண் எது என்று நீங்களாகவே தேடத் தொடங்கி, 999983-இல் வந்து நின்றீர்கள். அதற்கு மேலே உள்ளவை எல்லாம் எதிலாவது உடைந்துவிட்டன. ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம். ஆகவே ஆயிரத்துக்குக் கீழே உள்ள நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இதையும் யாரிடமும் கேட்காமல் கண்டுகொண்டீர்கள். பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் நூற்று அறுபத்தெட்டு வகுத்தல். ஒவ்வொன்றிலும் மீதி நின்றது.

“வைரம் பாஞ்ச கட்டை சார் இது. எந்த உளிக்கும் வழி விட மாட்டேங்குது” என்றீர்கள்.

ஆண்டுவிழாக் கண்காட்சியில் கணக்குத் தாள் எதுவும் என் கையெழுத்து இல்லாமல் சுவரில் ஏறாது. அது தலைமையாசிரியர் வைத்த வழக்கம். உங்கள் தாள்கள் என்னிடம் வந்தன. என்னைத் தாண்டிப் பதவி உயர்வு வாங்கியவர்களின் பட்டியல் எனக்கு இன்றும் மனப்பாடம். அதில் நீங்கள் கிடையாது. ஆனாலும் பட்டமில்லாதவரின் கணக்கில் பிழை கண்டே தீருவது என்று உட்கார்ந்தேன். தொண்ணூற்றேழால் வகுத்தேன். மீதியே இல்லை.

ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் கேட்டேன்: “என்ன ஆசாரியாரே, உங்க வைரக் கட்டையத் தொண்ணூத்தேழு பொளந்துருச்சே!” சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

மறுநாள் கோட்டையூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தீர்கள்.

“மூணு தடவ போட்டுட்டேன் சார். மீதி பத்து வருது. ஒருக்கா பாக்குறீகளா?”

“நான் போட்டது சரிதான். நீங்கதான் எங்குட்டோ கோட்டை விட்டிருக்கீக.”

நீங்கள் போன பிறகுதான் என் நோட்டைப் பிரித்தேன். 999973. எட்டை ஏழாக எழுதி வகுத்திருக்கிறேன். தொண்ணூற்றேழையும் 10309-ஐயும் பெருக்கினால் வருவது அந்த எண். உங்கள் எண் அல்ல. உங்கள் வகுப்பு இருபதடி தூரம். எழுந்து வந்திருக்கலாம். உங்களுக்கென ஒதுக்கிய சுவர் விழா முடியும்வரை வெறுமையாகவே இருந்தது.

போன மாதம் நீங்கள் இறந்த துக்கத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் மனைவி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: “கடைசி வரைக்கும் அந்த நம்பரத்தான் போட்டுப் போட்டுப் பாத்தாக. கணக்கு சார் சொன்னா தப்பா இருக்காது, நாமதான் எங்கயோ விட்டுட்டோம்னு சொல்லுவாக.” அந்தக் கணக்கு சாராகிய நான் அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

999983 பகா எண்தான். தொண்ணூற்றேழில் மீதி பத்துதான். நீங்கள் எங்கும் பிழை விடவில்லை.

இதை உங்கள் மனைவி பெயருக்குத் தபாலில் சேர்க்கிறேன். பென்சில் என்னிடமே இருக்கட்டும். இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் உறுத்தட்டும். பெயர் எழுத இரண்டு முறை பேனாவைத் திறந்தேன். அன்று உங்கள் தாளில் போடாத கையெழுத்து இன்றும் வரவில்லை. போடாமலே அனுப்புகிறேன்.