வாய்வு என்றுதான் சொன்னாய்

மச்சான்,

திங்கட்கிழமை ஆபீசில் பக்கத்து மேசைக்காரர் ஓம வாட்டர் பாட்டிலைத் திறந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே, வாய்வு சார், வேறொன்றுமில்லை என்றார். அதற்குமேல் அவரை நான் பேசவிடவில்லை. கையைப் பிடித்து இழுத்து, ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் இசிஜி எடுக்கவைத்து, டாக்டர் வாயைத் திறக்கும்வரை வாசலிலேயே நின்றேன். வாய்வுதான். இப்போது ஆபீசே என்னை 'நூத்தியெட்டு' என்று கூப்பிடுகிறது. கூப்பிடட்டும். நீ இருந்திருந்தால் அந்தப் பெயரை ஊர் முழுக்கப் பரப்பியிருப்பாய்.

வருஷத்துக்கு ஒருமுறை குவைத்திலிருந்து லீவில் வருவாய். எத்தனை கல்யாணம், எத்தனை விருந்து இருந்தாலும் அதில் ஒரு நாள் எனக்கு. சைக்கிள்களை வண்டியில் போட்டுக் கடலூருக்குக் கொண்டுபோய், சில்வர் பீச்சில் இறக்கி, அங்கிருந்து கடலை இடது கைப் பக்கமே வைத்துக்கொண்டு, குப்பம் குப்பமாகப் பரங்கிப்பேட்டையில் உன் வீட்டு வாசல்வரை மிதிப்போம். உன் வீட்டில் சாப்பாடு. வெயில் தாழ்ந்ததும் நான் மட்டும் என் ஊர் புவனகிரிக்குக் கிளம்புவேன். நம் இருவருக்கும் ஒரு வீம்பு இருந்தது. முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால், உன்னால் முடியவில்லையா என்று பின்னால் வருகிறவனைக் கேட்டதாக அர்த்தம். காலேஜ் நாளில் பிடித்த வீம்பு, நாற்பது தாண்டியும் விடவில்லை.

கடைசித் தடவை நீ வந்தது ஐப்பசியில். கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். கடலூர்ப் பக்கத்து ஆளுக்கு ஒன்றாம் எண் கூண்டு என்றால் கொடிமரத்தில் காக்காய் உட்கார்ந்த மாதிரி. மூன்று ஏறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாய். நானும் சரி என்றேன். ஆனால் முதுநகரைத் தாண்டியதிலிருந்தே எனக்கு அந்த நாள் பிடிக்கவில்லை. காற்றே இல்லை. சவுக்குத் தோப்பில் ஓர் இலை அசையவில்லை. கடல் கலங்கிப்போய், சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கிடந்தது. படகுகளை வழக்கத்தைவிட மேலே, தோப்பு விளிம்பு வரை இழுத்துப் போட்டிருந்தார்கள். வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒருவர் நம்மை நிறுத்தி, இந்த நாளில் எங்கே கிளம்பிவிட்டீர்கள், திரும்பிப் போங்கள் என்றார். நீ சிரித்துக்கொண்டே சலாம் வைத்துவிட்டு மிதித்தாய். நான் கடலையே பார்த்துக்கொண்டு வந்தேன். வருவது அங்கிருந்துதான் வரும் என்று நினைத்தேன்.

பெரியகுப்பம் தாண்டி நீ முதல் தடவை இறங்கினாய்.

"நெஞ்ச அடைக்குது மச்சான். வாய்வு. காலைல தின்ன போண்டா வேலையக் காட்டுது."

நான் விட்டேனா? ஏசி ரூமில் உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு ஷேக் உடம்பு ஆகிவிட்டது என்றேன். முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன். பெரிதாக ஓர் ஏப்பம் வந்தது. நம் பக்கத்தில் ஏப்பம் வந்துவிட்டால் வைத்தியம் முடிந்தது. இருவருக்கும் நிம்மதி. சிறிது தூரம் போனதும் இடது கை மரத்துப்போகிறது என்றாய். ஹேண்டில்பாரை அப்படி அழுத்திப் பிடிக்காதே என்று புத்தி சொன்னேன். சட்டை முழுக்க வியர்வை. காற்றில்லாத நாளில் யாருக்குத்தான் வியர்க்காது?

சாமியார்பேட்டையில் ஒரு பெட்டிக்கடையில் நின்றோம். நீ போனை எடுத்துக்கொண்டு மணலில் தள்ளிப்போய், கடலைப் பார்த்து நின்று யாரிடமோ பேசினாய். சாப்பாடு எத்தனை மணிக்கு என்று வீட்டில் கேட்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்து கடைக்காரம்மாவிடம் ஓம வாட்டர் இருக்கிறதா என்றாய். இருந்தது. உன்னால் திருக முடியாத மூடியை நான்தான் திறந்து கொடுத்தேன். அண்ணாந்து குடித்தாய். தேவலாமா என்றேன். தலையாட்டினாய். வேண்டுமானால் ஷேர் ஆட்டோ பிடிக்கலாம் என்று அந்தம்மா சொன்னார். அதை நாம் இருவருமே காதில் வாங்கவில்லை.

புதுக்குப்பத்தைத் தாண்டிய சவுக்குத் தோப்புச் சாலையில் நீ சொன்னதுதான் உன் கடைசிப் பேச்சு.

"நீ முன்னால போ மச்சான், வர்றேன்."

போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. உன் சைக்கிள் செயின் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தபோது சாலை காலியாக இருந்தது. பதறித் திரும்பினேன். நீ ஒரு சவுக்கு மரத்தில் சாய்ந்து, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஓய்வெடுக்கிறவன்போல உட்கார்ந்திருந்தாய். உன் வீட்டுக்கு அங்கிருந்து அரை மணி நேரம் மிதித்தால் போதும். மீன் ஏற்றி வந்த வண்டியில்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்டார், முன்னமே வலி என்று ஏதாவது சொன்னாரா என்று. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் புயல் ஆந்திராப் பக்கம் போய்விட்டது. நம் கரையில் ஒரு தூறல்கூட இல்லை.

உன்னை அடக்கம் செய்த மறுநாள் வீட்டுக்குப் போனேன். நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி, கணவன் இறந்தபின் இருக்கவேண்டிய இத்தாவில் இருந்தாள். வேற்று ஆண் முன்னால் வரக் கூடாதென்று கதவுக்குப் பின்னால் நின்று, தன் தம்பியை விட்டுக் கேட்கச் சொன்னாள். வழியில் அவுங்க எதுவும் சொன்னாங்களா? இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். ராத்திரி முழுக்க அதற்குப் பயந்துகொண்டுதான் படுத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை, நன்றாகத்தான் இருந்தான் என்றேன். கதவுக்குப் பின்னால் சத்தமே இல்லை. அந்த அமைதியை நான் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன். கோழை மச்சான் நான். என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய்யை, அவள் மனசுக்காகச் சொன்னதாக இரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

நேற்று உன் வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கச்சி டீ கொடுத்தாள். அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று 'நூத்தியெட்டு' கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"அவுங்களும் வாய்வுன்னுதான் சொன்னாங்கண்ணே. சாமியார்பேட்டையிலேர்ந்து போன் பண்ணாங்க. நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குன்னாங்க. அடுப்புல கறி கெடக்குது, எனக்குக் கையில வேல. வாய்வாத்தான் இருக்கும், ஓம வாட்டரு குடிச்சிட்டு மெதுவா வாங்கன்னு வச்சிட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீங்க விட்டிருப்பீங்களா? எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாங்க. நாந்தான் அனுப்பிவச்சிட்டேன்."

இரண்டு வருஷமாக ஐந்து வேளைத் தொழுகையிலும் இதற்குத்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். அவள் பெற்ற பிள்ளைகளுக்குக்கூட இது தெரியாது. கதவுக்குப் பின்னால் அன்று அமைதியாக நின்றவள் ஆறுதலடையவில்லை மச்சான். உனக்கு வலித்தது தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று அந்த இடத்தில்தான் அவளுக்கு முடிவானது. முடிவு பண்ணிக் கொடுத்தவன் நான்.

சொல்லிவிட்டேன். பெரியகுப்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதுகில் தட்டியது, கிண்டலடித்தது, கை மரத்தது, மூடியைத் திறந்து கொடுத்தது, முன்னால் போனது. அழுவாள் என்று நினைத்தேன், ஏசுவாள் என்று நினைத்தேன். சுவரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"இத அன்னிக்கே ஏண்ணே சொல்லல?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. எழுந்து உள்ளே போனாள். போகிறபோது கதவைச் சாத்திக்கொண்டாள்.

உன்னைத் தனியே விட்டுவிட்டு முன்னால் போனதை நீ மன்னித்திருப்பாய். நீ அப்படித்தான். இத்தனை நாளும் உனக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை மறுபடி பரங்கிப்பேட்டைக்குப் போகிறேன். அவள் திறப்பாளா என்று தெரியாது. திறந்தால், என்ன சொல்வது என்றும் இன்னும் தெரியவில்லை.