விசில் ஊதிய பிறகுதான் பதில்

மச்சான்,

இன்று காலை திகன பஸ்ஸில் ஒரு பள்ளிக்கூடத்து ஓட்ட அணி ஏறியது. பிள்ளைகள் ஏறுவதற்கு முன்பே அவர்கள் காலில் தேய்த்திருந்த நோவெண்ணெயின் வாசம் ஏறிவிட்டது. கண்டக்டர் தும்மினார், டிரைவர் தும்மினார், பஸ்ஸே ஒருமுறை தும்மிவிட்டுத்தான் நின்றது. எனக்கு மட்டும் தும்மல் வரவில்லை. உன் ஞாபகம் வந்தது. மடவளையின் டயர் சக்கரவர்த்தி நீ. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஒருநாளும் ஓடாதவன். ஆனாலும் கண்டிச் சீமையின் ஓட்டக்காரர் அனைவருக்கும் ஏகபோக ஆலோசகன்!

நான் மட்டும் சாமானியனா? உன் கடைக்கு அடுத்த கடையில் பள்ளிக்கூடங்களுக்கு விளையாட்டுக் காற்சட்டை தைக்கிறவன். நான் போட்ட தையலின் வேகத்தில்தான் பாதிப் பிள்ளைகள் வென்றார்கள் என்பது உலகறிந்த உண்மை. உனக்கு மட்டும்தான் தெரியாது. ஒருநாள் நான் இப்படி அளந்துகொண்டிருந்தபோது நீ குறுக்கே கேட்டாய்:

"அது சரி மச்சான், மெடல் எல்லாம் அலுமாரிக்குள்ள ஈக்கி. புள்ளைகள் ஊட்டுக்குள்ள ஈக்கிதுகள். அடுத்தது என்னான்னு ஒத்தனும் கேக்கல்லயே?"

அந்தச் சனிக்கிழமையே உன் டயர் கடை நேர்முகப் பரீட்சைக்கு ஒத்திகை மண்டபமாகியது. பள்ளிக்கூடம் முடித்த ஓட்டக்காரர்கள் டயர் அடுக்கின்மேல் காத்திருப்பார்கள். பல்கலைக்கழகம் கேட்பவனுக்கு நீ பேராசிரியர். கம்பனி வேலை கேட்பவளுக்கு நீயே முதலாளி. ராணுவம் என்றால் கதிரை எனக்கு. நான் கர்னலாக இருந்து ஒரு கேள்வி கேட்டால் ஹந்தானை மலை விறைத்து நின்று சல்யூட் அடிக்கும்.

ஒரே ஒரு தொல்லை. நூறு மீற்றர், நானூறு மீற்றர் ஓடுகிறவர்கள் கேள்வி முடியுமுன்னே பாய்ந்துவிடுவார்கள். "உங்கட பேர்" என்று நீ வாயெடுத்தால் போதும். பேர், ஊர், அப்பா பேர், மாகாண மட்டத்தில் ஓடிய நேரம் எல்லாம் வந்து கொட்டும். நீ விசிலை எடுத்து ஊதுவாய்.

"ஃபோல்ஸ் ஸ்டார்ட்! எழும்பி கோட்டுக்குப் பின்னால போ!"

வாசலில் சுண்ணக்கட்டியால் கோடே போட்டிருந்தாய். கடைசியில் அதுவே சட்டமாகியது: கேள்வி முடியும், நீ ஒரு சின்ன விசில் கொடுப்பாய், அதற்குப் பிறகுதான் பதில்.

குமுதினி நம்மிடம் வந்தது அந்தச் சட்டம் நன்றாக வேரூன்றிய காலத்தில். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, நானூறு மீற்றர். அவளுடைய அண்ணி கொழும்பில் ஒரு புடவைக் கடையில் அவளுக்கு வேலை பார்த்து வைத்திருந்தாள். அங்கே போனால் ஓட்டம் அதோடு சரி. மிச்சமிருந்தது ஒரே வழி: கண்டியில் ஒரு கம்பனி, தன் விளையாட்டு அணிக்கு ஓட்டக்காரியும் வேண்டும், வேலைக்கு ஆளும் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தது. கிடைத்தால் ஓடலாம். கிடைக்காவிட்டால் அடுத்த கிழமை கொழும்பு பஸ்.

எல்லோரிடமும் கேட்கும் அந்தப் பொல்லாத கேள்வியை நீ அவளிடமும் கேட்டாய். "ஓட ஏலாமப் போனா, ஒங்களால எங்களுக்கு என்ன பயன்?"

"நான் நிக்க மாட்டேங்க. ஓடிக்கிட்டே இருப்பேங்க."

"அது ஆச, மகள். பதில் இல்ல. யோசிச்சிட்டு வாங்க."

எனக்கு மனம் பொறுக்கவில்லை. இரவோடிரவாக அவளுக்காக ஒரு பதில் எழுதினேன். அதை வாசித்தால் கம்பனித் தலைவர் கதிரையையே தூக்கிக் கொடுத்திருப்பார். நீ அதை வாங்கி மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலின் கீழ் செருகினாய்.

"நீ எழுதிக் குடுத்தா, வேல ஒனக்குத்தான் கெடைக்கும்."

அவளோ கம்பனியின் நேர்முகப் பரீட்சை நாள்வரை பதில் கண்டுபிடிக்கவில்லை.

அன்று மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில் நாமிருவரும் காத்திருந்தோம். நான் குடித்த பிளேன்டீயில் மகாவலி ஒரு சாண் வற்றியிருக்கும். குமுதினி வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன புள்ள ஆச்சு?" என்று கேட்டேன்.

"மொதக் கேள்வி கேட்டாங்க மாமா. நான் பேசாம இருந்தேன்."

"ஏன்?"

"விசில் வரலையே."

நான் உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய்.

"அங்க இருந்த மேடம் பயந்துட்டாங்க. தண்ணி வேணுமான்னு கேட்டாங்க. அதுக்கும் விசில் வரல."

"பாவி! உன் விசிலைக் கொண்டுபோய் ஆத்துல போடு!" என்று நான் கத்தியதில் சுற்றியிருந்த காகமெல்லாம் குருநாகல் வரைக்கும் பறந்தன.

"இருங்க மாமா, முடிக்கல" என்றாள். "பொறகு உண்மையச் சொல்லிட்டேன். டயர் கடை, கோடு, விசில் எல்லாம். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஒரு சார் பேனாவால மேசையில தட்டி, இதான் விசில்னாரு. கடைசியா, நம்ம டயர் கடை முதலாளி கேக்குற அதே கேள்வி. ஓட முடியாட்டி என்ன பயன்னு. அந்த சார் தட்டிட்டாரு. ஆனா நான் கொஞ்சம் யோசிச்சேன்."

"என்ன சென்னீங்க?" உன் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எங்க பக்கம் பஸ் வராத நாள்லயும் ரிலே டீம நேரத்துக்குக் கொண்டுபோனது நான்தான்னேன். கொழுந்து லொறியில பாதி, பால் வான்ல பாதி. ஒரு பந்தயத்துக்கும் பிந்தல. ஆளையோ சாமானையோ நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேக்கிற வேல இருந்தா, கால் இல்லாட்டியும் செய்வேன்னு சொன்னேன்."

சாமான் அனுப்பும் பிரிவில் வேலை. அணியிலும் இடம். திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டார்கள். முகம் வாடியிருந்தது சந்தோஷத்தில் அழுததனாலாம்! நீ திரும்பி நின்று என்னுடைய பிளேன்டீயையும் எடுத்துக் குடித்துவிட்டுச் சொன்னாய்: "பாத்தியா மச்சான், அதுல ஒரு சொல்லும் நம்மட இல்ல." ஒரு முதலாளி லாபக் கணக்கைச் சொல்லும்போதுகூட அவ்வளவு பெருமை வராது.

சில வருடம் ஓடினாள். பிறகு முழங்கால் ஓய்வு கேட்டது. வேலை அவளிடம் ஓய்வு கேட்கவில்லை. இன்று அந்தப் பிரிவே அவள் கையில்.

நீ மௌத்தான செய்தி விடியற்காலையில் வந்தது. பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கம் என்றார்கள். டயர் கடையில் நாம் பழக்கிய பிள்ளைகளோ திசைக்கொருவராக இருந்தார்கள்: ராணுவ முகாமில் ஒருவன், வங்கியில் ஒருத்தி, பேராதனை விரிவுரை மண்டபத்தில் இன்னொருவன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குமுதினிதான் போனை எடுத்தாள். எந்த வான் எந்தச் சந்தியில் யாரை ஏற்றும் என்று பிரித்துக் கொடுத்தாள். அஸருக்கு முன்பே அத்தனை பேரும் உன் வாசலில். பையன்கள் உன் ஜனாஸாவின் பின்னே நடந்தார்கள். அவளும் மற்றப் பெண்பிள்ளைகளும் உன் மனைவியோடு வீட்டில் இருந்தார்கள். ஒருவரும் பிந்தவில்லை, மச்சான்.

சனிக்கிழமைகளில் உன் மகன் இன்னும் நமக்கு டயர் கடையில் ஒரு மூலையை ஒதுக்கித் தருகிறான். இப்போது பேராசிரியர், முதலாளி, கர்னல் எல்லாம் நானே. உன் கேள்வியையும் நானே கேட்கிறேன். பிள்ளை விழிக்கும். என் நாக்கு நுனியில் பதினெட்டுப் புராணமும் வந்து நிற்கும். அப்போதுதான் நீ எனக்கு விட்டுப்போன வேலையைச் செய்கிறேன், என் வாழ்நாளிலேயே ஆகக் கஷ்டமான வேலை அது: வாயை மூடிக்கொண்டு, அந்தப் பிள்ளையின் சொந்தப் பதில் வரும்வரை காத்திருக்கிறேன்.