உன் திவசத்துக்குப் புலுனிகள் வந்தன

என் தர்சி மச்சாளுக்கு,

இன்று காலை மழை விட்டது. மழை விட்ட காலையில் என்னைத் தட்டி எழுப்புகிறவள் நீதானே. முதல் முறை எழுப்பினது ஞாபகம் இருக்கா? "எழும்படி, குளிச்சு முடிச்சவை எல்லாரும் மதிலுக்கு வந்திட்டினம்" என்றாய். யாரோ வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்து நான் அவசரமாக முகம் கழுவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஓடி வந்தேன். பார்த்தால் மதிலில் வரிசையாக நனைந்த புலுனிகள். வெளிறிய தலையும் மஞ்சள் சொண்டுமாக, ஒன்றின் கழுத்தை ஒன்று கோதிக்கொண்டு, ஓயாமல் கீச்சிட்டுக்கொண்டு. "நல்ல சட்டை போட்டிருக்கிறாய், அவைக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு நீ வீடியோ எடுக்கத் தொடங்கினாய்.

உனக்கு யார் இதெல்லாம் சொல்லித் தந்தது? ஒருவரும் இல்லை. பப்பாப்பழத்தை எந்த அளவில் வெட்ட வேண்டும், உப்புப் போட்ட சோற்றை ஏன் வைக்கக்கூடாது, தண்ணீர்ச் சட்டியை ஏன் பூனை பாயாத இடத்தில் வைக்க வேண்டும் எல்லாம் நீயாகத் தேடி, பிழைவிட்டு, திரும்பச் செய்து பார்த்துப் பிடித்ததுதான். துறைமுகத்துப் பக்கம் இருந்து கப்பல் ஊதினால் உன் வீடியோவில் அதுவும் கேட்கும். நீ அதை வெட்டவே மாட்டாய். எங்கட ஊர் எண்டு தெரியட்டும் என்பாய்.

ஒருவர் வந்து, இது தவிட்டுக்குருவி, பெயர் தெரியாமல் வீடியோ போடாதீர்கள் என்று கொமென்ட் போட்டாரே. எனக்கு வந்த கோபத்துக்கு நான் பெரிய சண்டையே பிடித்திருப்பேன். நீ சிரித்துக்கொண்டு எழுதினாய்: "எங்கட ஊரில அதுக்குப் பேர் புலுனி. உங்கட ஊருக்கு வந்தா அங்கத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடுறன்." அந்தப் பதிலுக்கு நான் என் கணக்கிலும் அம்மாவின் கணக்கிலும் இதயம் போட்டேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது உன் வீடியோக்களுக்குக் கீழே போய்ப் பார்த்தால் உனக்குத் தலைகால் தெரியாது. மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், வவுனியா என்று எல்லா இடத்து ஆட்களும் 'எங்கட வீட்டுப் புலுனி' என்று படம் போடுகிறார்கள். கனடாவில் இருக்கிற ஒரு அன்ரி, இந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலம் என்று எழுதியிருக்கிறார். இது என் மச்சாள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கேளாதவர்களுக்கும் சொல்கிறேன்.

சரி, இன்றைக்கு நடந்ததுக்கு வருகிறேன்.

இன்று உன் ஆட்டைத் திவசம். நீ போய் ஒரு வருஷம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அந்தக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை. மழை திரும்ப வருவதற்குள் படைத்துவிடலாம் என்று மாமி வெள்ளெனச் சமைத்து முடித்தார். தெருவில் திரிகிற ஊர் மான்கள் உள்ளே வந்து வாய் வைக்காமல் படலையைச் சாத்திவிட்டு, மதிலில் வாழையிலை போட்டோம். சோறு, கறி, வடை, பாயசம். கடைசியாக மாமா குசினிக்குள் போய் ஒரு பிடி நூடில்ஸ் கொண்டுவந்து வைத்தார். ஓம், உன் அப்பாதான். தன் கையால் அவித்தது.

ஈச்சிலம்பற்றில் இருந்து பெரியம்மா, மாமாவின் மூத்த அக்கா, வந்திருந்தார். உன் ஆசை மாமி. சும்மா இருப்பாரா? திவசத்துக்கு நூடில்ஸ் படைத்த கதை எங்கேயும் இருக்கிறதா என்று கேட்டார். "அவளுக்கு வேற என்னத்தை வைக்கிறது அக்கா? சோத்தைக் கண்டா முகத்தைச் சுளிப்பாளே" என்றார் மாமா.

காகம் வந்து எடுத்தால்தான் தான் சாப்பிடுவேன் என்று மாமா முதலே சொல்லிவிட்டார். சீனி வருத்தக்காரர், காலையில் சீனி குறைக்கிற குளிசையையும் போட்டுவிட்டார், சாப்பிடாமல் நின்றால் மயங்கி விழுந்துவிடுவார். கா கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் குரலே அடைத்துவிட்டது. ஒரு காகமும் இல்லை.

எனக்குக் காரணம் தெரியும், நீதானே வீடியோவில் சொன்னாய். மழை விட்டு, கரையில் தோணிகளில் மீன் பிரிக்கும்போது ஊர்க்காகம் எல்லாம் அங்கேதான் நிற்கும். அதை மாமாவுக்குச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"இல்லைப் பிள்ளை. அவளுக்கு என்னில கோபம். கண்ட குருவிக்கும் கொட்டுறாய், காகத்துக்கு வைச்சா புண்ணியமாவது கிடைக்கும் எண்டு எத்தினை நாள் பேசியிருப்பன்."

சீனி இறங்கி அவருடைய கை நடுங்கத் தொடங்கியது. மாமி பாயசக் கிண்ணத்தை நீட்டினார், அவர் வாங்கவில்லை. கதிரையில் இரு என்று பெரியம்மா சொன்னதையும் கேட்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது மச்சாள். உனக்கு அப்படிக் கோபமா? கோபம் என்றாலும் அவரை இப்படி நிற்க விடுவாயா?

அப்போதுதான் மாமரத்துக்குப் பின்னால் அந்தக் கீச்சுச் சத்தம். ஒன்று வந்தது, பின்னால் முழுக் கூட்டமும் வந்தது. தெப்பமாக நனைந்த புலுனிகள். சோற்றை விட்டுவிட்டு நேரே நூடில்ஸுக்குப் போயின. ஒன்று ஒரு இழையைத் தூக்கியது, மற்றது அதன் மறுநுனியைக் கவ்வியது. மழைக்கு வெளியே வந்த மண்புழு என்று நினைத்திருக்க வேண்டும். அது இழுக்க இது இழுக்க, இழை நீண்டு நீண்டு, பட்டென்று அறுந்து இரண்டும் மல்லாக்காகப் பாயசத்துக்குள் விழுந்தன.

பெரியம்மா துவாயை வீசிக்கொண்டு விரட்ட ஓடினார். மாமா அவருடைய கையைப் பிடித்தார்.

"விடு அக்கா. அது புலுனி."

மாமாவின் வாயில் இருந்து அந்தச் சொல் வந்ததை நான் முன்னம் கேட்டதே இல்லை. அவருக்கு எல்லாம் 'கண்ட குருவி'தான். சொல்லிவிட்டு அவர் சிரித்தார். முதலில் சின்னதாக, பிறகு தோள் குலுங்க. மாமி அழுதுகொண்டு சிரித்தார். பெரியம்மாவும் துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு, "காகத்துக்கு வைச்சதை இதுகள் தின்னிறதோ" என்று கேட்டார்.

"காகத்துக்கு வைக்கேல்லை. என்ர பிள்ளைக்கு வைச்சது" என்றார் மாமா. "அவள் ஆரை அனுப்பினாலும் சரிதான்."

பிறகு கதிரையில் இருந்து, இலை போடச் சொல்லி, வயிறு நிறையச் சாப்பிட்டார். மிச்ச நூடில்ஸும் அவருக்குத்தான்.

மத்தியானம் என் போனைக் கேட்டார். உன் வீடியோ ஒன்றைக்கூட அவர் முன்பு பார்த்ததில்லை, தெரியுமா? இன்று ஒன்று விடாமல் பார்த்தார். உன் குரல் வீடு முழுக்கக் கேட்டது. கடைசி வீடியோ முடிய, இதில் எப்படி எழுதுவது என்று கேட்டார். காட்டினேன். ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதினார்:

"சாப்பிட்டிட்டன் மகள்."

உன் கணக்கின் கடவுச்சொல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நீ ஆஸ்பத்திரி வார்ட்டில் இருந்தபோது வீடியோ ஏற்றுவதற்காக எனக்குத் தந்தது. உன் பெயரில் 'சரி அப்பா' என்று ஒரு பதில் போட எவ்வளவு நேரமாகும்? விரல் அந்த இடம் வரைக்கும் போனது. எடுத்துவிட்டேன்.

உனக்கு வாக்குத் தருகிறேன் மச்சாள். உன் பெயரில் இனி ஒருவரும் கதைக்கமாட்டார்கள், நானும்தான். அங்கே உன் குரல் மட்டும் இருக்கட்டும். நான் எடுக்கிற பறவைகளை என் பெயரில் போடுகிறேன், பிழைவிட்டால் பேச்சும் நானே வாங்குகிறேன். மாமா சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னால், நான் பக்கத்தில் இருந்து வாயால் சொல்கிறேன்: "சரி மாமா. இரவைக்கு என்ன வேணும்?"

உன் முதல் ரசிகை,
உன் அப்பாவின் மருமகள்,
அபி