கம்பளி வேண்டாம்

தங்காக் ரப்பர் தோட்டம்,
கார்த்திகை, 1934

பேச்சியம்மாளுக்கு வெள்ளைச்சாமி எழுதுவது. ஆத்தாளுக்கு என் கும்பிடு. அவள் இருமல் தணிந்ததா? நான் சுகம்.

இங்கு திரும்பிவரும் அபூபக்கரிடம் கம்பளி கொடுத்தனுப்பவா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். இங்கே இரவிலும் புழுக்கம்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் காரணம் சொன்னார்: "பகல்ல சூடேறின தரை, ராத்திரி அந்தச் சூட்டை மேல விடுது. நம்ம ஊருக் காத்து காஞ்ச காத்து, சூடு தப்பிப் போயிடும். இங்க காத்து பூரா ஈரம். அது சூட்டைப் பிடிச்சுத் தரைக்கே திருப்பி அனுப்புது."

சூட்டுக்கே இங்கிருந்து வெளியேற வழியில்லை. எனக்கு எங்கே?

அவரிடம் போனது லேசான குளிர்காய்ச்சலுக்காக. அந்தப் புழுக்கத்திலும் பல் தந்தியடித்தது. "இந்த வேக்காட்டுல நடுங்குறீங்களே அண்ணே!" என்று பக்கத்து வீட்டு அங்கம்மா சிரித்தாள். எல்லாருக்கும் வருகிற காய்ச்சல்தான். போன மாதம் என்கூட வேலை செய்த அர்ச்சுனன் செத்ததும் இதில்தான். மேலே போர்த்தக் கோடித்துணி கிடைக்காமல், அரிசிக் கோணியைப் போர்த்தி எடுத்துப்போனோம்.

கங்காணி கூப்பிடுகிறார், முடிக்கிறேன். கம்பளி வேண்டாம். தண்ணீர் படாத புது வேட்டி ஒன்று கொடுத்தனுப்பு. பொங்கலுக்குக் கட்டத்தான்.

வெள்ளைச்சாமி