பெருவிரல் பதிந்த குழி

நர்சம்மாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வரி நேராகப் போகவேண்டும் என்றுதான் ஆரம்பிக்கிறேன். பாதியில் ஏர்மாடு விலகுவதுபோல விலகிவிடுகிறது. ஒரு 'ழ' போட்டு முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆனாலும் எழுதுகிறேன் பார்த்தீர்களா! இத்தனை வருஷம் மையில் தேய்த்த பெருவிரல் இப்போது பேனா பிடிக்கிறது.

அந்த விரலால்தான் இன்று காலையில் என் புறங்காலை அழுத்திப் பார்த்தேன். கொஞ்ச நாளாக வீக்கம். விரலை எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது. அப்போது வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. நீங்கள் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன; ஆனாலும் நீங்களாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊருக்குக் கரண்டு வராத காலம். நாகலாபுரத்துக்கு மேற்கே, மழை பொய்த்த ஒரு வருஷம், என் மாட்டுவண்டியில்தான் நீங்கள் வந்து இறங்கினீர்கள். மடியில் பருத்தி நிறுக்கிற கொக்கித் தராசு. அதை வேப்பங்கிளையில் மாட்டி, பழைய சேலையில் தூளி கட்டி, ஊர்ப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டீர்கள். அந்தரத்தில் தொங்கிய ஒரு பிள்ளைகூட அழவில்லை. கிளை முறுகுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணாச்சி, ஏன் ஒரு பிள்ளையும் அழமாட்டேங்குது?"

"எங்க ஊருப் பிள்ளைய எல்லாம் சமத்தும்மா," என்றேன் பெருமையாக.

நீங்கள் சிரிக்கவில்லை.

கடைசியாக என் மகளைத் தூக்கிவந்தேன். உப்பின கன்னம், செம்பட்டை முடி. முள் நன்றாகக் கீழே இறங்கியது. "பாத்தியளா, பருத்தி மூடை கணக்கா இருக்கா!" என்றேன். நீங்கள் முள்ளைப் பார்க்கவே இல்லை. அவள் புறங்காலில் பெருவிரலை வைத்து அழுத்தி எடுத்தீர்கள். பிசைந்த மாவில் பதிந்ததுபோல ஒரு குழி, நிறையாமல் நின்றது. வலித்திருக்கும். அவள் முகம் சுளிக்கவில்லை. வயசாளியின் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது சதை இல்ல அண்ணாச்சி, நீர். அந்த மெலிஞ்ச பிள்ளைகளுக்கு முந்தி இவ போயிருவா."

தம்பி பிறந்ததும் அவளுக்குத் தாய்ப்பால் நின்றுபோனது, சவலை பாய்ந்தாள். பறந்துபோன பட்சியின் நிழல் பிள்ளைமேல் விழுந்துவிட்டது என்றார்கள் ஊரில். அதற்குப் பத்தியம், சோளக்கஞ்சித் தண்ணீர் மட்டும். பயறு ஆகாது, முட்டை ஆகாது, கருவாடு ஆகவே ஆகாது. அந்தப் பஞ்சத்திலும் எங்கள் வீட்டுப் பானையில் பாசிப்பயறு கிடந்தது. அதை வேகவைத்துக் கொடுக்கச் சொன்னீர்கள். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்தபடி என் வீட்டுக்காரி குறுக்கே வந்து நின்றாள்.

"பத்தியத்த முறிச்சா எம்புள்ள உசுரு போயிரும். நீங்க வண்டியேறிப் போயிருவிய. குழி நாங்கல்லா தோண்டணும்!"

நீங்கள் சண்டைக்குப் போகவில்லை. "கைப்பிள்ளைக்கு வயிறு சரியில்லன்னா யாரு பத்தியம் இருக்கது?" என்று கேட்டீர்கள்.

"நாந்தான். பெத்தவதான இருக்கணும்?"

"அப்பம் இவளுக்கு நான் இருக்கேன். கஞ்சித் தண்ணிய எனக்கு ஊத்து. பயற அவளுக்குக் குடு."

என் வீட்டுக்காரி உள்ளே போய் உலை வைத்தாள்.

எங்கள் வீட்டிலேயே தங்கினீர்கள். அவள் கண்ணெதிரே அந்தத் தண்ணீரை மட்டும் குடித்தீர்கள். உங்கள் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. பயறு தின்ற என் மகளும் மெலிந்தாள்! வீக்கம் வடிய வடிய, உள்ளே ஒளிந்திருந்த எலும்புக்கூடு வெளியே வந்தது. மறுபடி தொங்கவிட்டபோது முள் முன்னைவிட மேலேயே நின்றுவிட்டது.

"கொன்னுட்டியளே!" என்று என் வீட்டுக்காரி மண்ணை வாரித் தூற்றினாள். நானும் தூளியை அவிழ்க்கக் கை நீட்டினேன்.

"நீர்தான் போயிருக்கு. இனிமேதான் சதை வைக்கும். காலத் தொட்டுப் பாருங்க அண்ணாச்சி."

அழுத்தினேன். குழி விழவில்லை. ஆனாலும் மனசு நம்பவில்லை.

அன்று காகம் அடையும் நேரத்தில் ஓர் அலறல். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அப்படியொரு சத்தம் கேட்டு எங்கள் தெருவுக்கு நாளாகியிருந்தது. என் மகள்தான். காலிக் கிண்ணத்தைத் தரையில் தட்டித் தட்டி, பயறு கேட்டு அழுதுகொண்டிருந்தாள். நீங்கள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டீர்கள். "எனக்கும் ஒரு கை போடு தாயி, பசிக்கு," என்றீர்கள்.

சில வீட்டுப் பிள்ளைகள் பிழைக்கவில்லை. அந்த வேப்பமரம் இப்போது இல்லை. ஆனால் காற்றில்லாத மத்தியானங்களில் கிளை முறுகுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. பிள்ளை இருக்கிற வீட்டைக் கடக்கும்போது நின்று காது கொடுக்கிறேன். அழுகை கேட்டால் போய்விடுவேன். கேட்காவிட்டால் உள்ளே போய் அதன் காலைத் தொட்டுப் பார்ப்பேன். கிழவனுக்குக் கிறுக்கு என்கிறார்கள்.

எனக்கு எழுத்துச் சொல்லித் தருகிறவள் அந்த மகள்தான். "ஏ அய்யா, சுழிய விட்டுட்டிய! கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று அவள் போடுகிற சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். இன்னொரு தடவை கேட்கலாமே என்று வேண்டுமென்றே சுழியை விடுகிறேன்.

காலில் குழி இன்னும் நிறையவில்லை. அவளிடம் சொல்லவில்லை; சொன்னால் அழுது ஊரைக் கூட்டிவிடுவாள். அழட்டுமே, அவள் அழுகையைக் கேட்டு எனக்குப் பயம் வந்ததே இல்லை. நாளைக்குச் சொல்லிவிடுகிறேன். என்ன ஆயிற்று என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். எழுத முடியாமல் போனால், நேரிலேயே வந்து வாசித்துக் காட்டுகிறேன்.