என்னிடம் கேட்காமல் என்னைக் காப்பாற்றிய மச்சானுக்கு

என் பிரியமான மச்சானுக்கு, ஸலாம்.

நேற்றோடு இத்தா முடிந்தது. நீங்கள் நெஞ்சுவலியில் சாய்ந்து கண்மூடிய நாளிலிருந்து நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டாமல் இருந்துவிட்டு, இன்று காலைதான் தெருவில் கால் வைத்தேன். பேகம்பூர் அப்படியேதான் இருக்கிறது. தோல் பதனிடும் ஷாப்பில் உங்கள் வேலைக்கு வத்தலக்குண்டு ஆள் ஒருவரைச் சேர்த்திருக்கிறார்களாம். உங்கள் அம்மாவுக்கு முட்டுவலி இன்னும் குறையவில்லை. சேதி இவ்வளவுதான். இனி கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

ஏன் மச்சான் என்னிடம் சொல்லவில்லை?

எனக்கு உண்டான முதல் இரண்டும் ஐந்தாம் மாதத்திலேயே கலைந்தன. மூன்றாவது நிறைமாதத்தில் பிறந்த ஆண் பிள்ளை. ஒரே ஒரு பகல் இருந்தான். எனக்கு உதிரம் நிற்காமல் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். டாக்டரம்மா உங்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. நல்லா சாப்பிடச் சொன்னாங்க."

மூன்று மாதம் கழித்து, சரக்கு விஷயம் என்று மதுரைக்கு ரயிலேறினீர்கள். மூன்றாம் நாள் கால்களை அகட்டி அகட்டி நடந்து வந்தீர்கள். சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னீர்கள். நானும் நம்பி, வேப்பெண்ணெய் காய்ச்சி முழங்காலில் தடவினேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஏழு வருஷம். பிள்ளை உண்டாக மாதாமாதம் மலைவேம்புச் சாறு குடித்தேன். குடலைப் பிரட்டும். குடித்ததும் என் வாயில் கற்கண்டு போட்டது நீங்கள்தானே? இரண்டு நாள் தள்ளிப்போனாலே ஓடி வந்து உங்களிடம் சொல்வேன். "அல்லா தந்தா தரட்டும்" என்பீர்கள். தெரிந்துகொண்டே அதை எப்படிச் சொன்னீர்கள்?

ஒரு சாயங்காலம் மைதானத்துக்கு வேன் வந்து, திரை கட்டிச் சின்னப் படம் ஒன்று காட்டினார்களே, நினைவிருக்கிறதா? கால்மணி நேரம்கூட ஓடவில்லை. புருஷன், பெண்டாட்டி, இரண்டே பேர். அவள் உண்டாகிறாள், தொட்டில் வாங்குகிறார்கள், பிள்ளை தங்கவில்லை. கடைசியில் டாக்டர் சொன்னதை அவன் அவளிடம் சொல்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து அழுகிறார்கள். பெண்கள் பக்கம் உட்கார்ந்து நானும் அழுதேன். திரும்பிப் பார்த்தால் ஆண்கள் பக்கம் உங்களைக் காணோம். நம் பிள்ளையை நினைத்துத் தாங்காமல் எழுந்து போய்விட்டீர்கள் என்று வீட்டுக்கு வந்து தேற்றினேன். உங்களை, நான்!

உங்கள் தம்பி மகளுக்குப் பெயர் வைத்த அன்று உங்களைப் பெற்ற மாமி சபையில் வைத்து, "மலடி கையில புள்ளையக் குடுக்காதீங்க" என்றார். நீங்கள் பந்தியில் வாளியோடு நின்றீர்கள். காதில் விழாதது போல அடுத்த வரிசைக்குப் பரிமாறப் போனீர்கள். இரண்டாம் கல்யாணம் பேசியபோது மட்டும், "அவ போதும் எனக்கு" என்றீர்கள். ஊரே உங்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. நானும் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த நன்றியை வாங்கிக்கொள்ளக் கூசவில்லையா?

போன மாதம் உங்களோடு வேலை பார்த்த காதர் பாயின் வீட்டுக்காரி, ஆமினா அக்கா, துக்கம் கேட்க வந்தார்.

"அழுவாத தங்கச்சி. ஒன் உசுருக்காகத் தனக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்ட மனுசன். எந்த ஆம்பள செய்வான்?"

"என்ன ஆபரேஷன்க்கா?"

அக்காவின் முகம் செத்துவிட்டது. "இன்னொண்ணு உண்டானா ஒன் உசுரு தங்காதுன்னு டாக்டரம்மா சொன்னாகளாம்ல. குடும்பக்கட்டுப்பாடு பண்ணிக்க மதுரைக்குப் போனப்ப எங்க வீட்டு ஆளுதான் தொணைக்குப் போனாக. ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

என் உயிரைக் காப்பாற்றினீர்கள். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது என் உயிர் மச்சான். சொன்னால் சம்மதிக்க மாட்டேன் என்று பயந்தீர்களா? சம்மதித்திருக்க மாட்டேன்தான். பத்து நாள் சண்டை போட்டிருப்பேன். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம். ஏழு வருஷம் நான் தனியாக அழுதேன். நீங்கள் தனியாக அழுதீர்களோ என்னவோ, அதையும் எனக்குக் காட்டவில்லை.

இன்று மத்தியானம் மாமியிடம் சொல்லிவிட்டேன். சோற்றில் வைத்த கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பெத்தவகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல? இம்புட்டு வருசமா ஒன்னைய என்னென்ன பேசிட்டேன். அம்புட்டுப் பாவத்தையும் என் தலையில கட்டிட்டுப் போயிட்டானே!"

உங்கள் சாவுக்கு அழுததைவிட அதிகமாக அழுதார். நான்தான் தண்ணீர் கொடுத்துக் கை கழுவிவிட்டேன்.

மாமியை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்காக இல்லை. ஏமாந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர், ஒரே வீட்டில் இருக்கிறோம், அதற்காக. வெள்ளிதோறும் உங்களுக்கு யாசீன் ஓதுவேன். மன்னித்தேன் என்று மட்டும் இப்போது சொல்ல வரவில்லை. மறுமையில் பார்த்ததும் கேட்பேன். உண்மையான பதிலோடு வாருங்கள். அதுவரை, இனி எவர் என்னை மலடி என்றாலும் தலை குனிய மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மனைவி,
மூன்று பிள்ளைகளைச் சுமந்த தாய்,
ஜைத்தூன்