பின்பக்கத்தில் எழுதிய வரி

வாசலூர்பட்டி,
பங்குனி 20, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள கண்ணு அருள்மொழிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அயர்லாந்துக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு டூட்டிக்குப் போய்வந்து, நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று அறப்பளீசுவரரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் அடுத்த வரி வர வேண்டும், அதை எழுதக் கை வரவில்லை. அம்மா சுகம். கோயமுத்தூரில் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் ராணி மாதிரி உட்கார்ந்து என்னை வேலை வாங்குகிறாள். உன் பூனை பஞ்சுதான் சுகமில்லை. ஞாயிற்றுக்கிழமையும் புதன்கிழமையும் நீ போனில் கேட்டபோது பூனைக்கென்ன, தின்கிறது தூங்குகிறது என்று சொன்னேன். இரண்டு தடவையும் பொய். உன் குரலைக் கேட்டால் மூன்றாவது தடவையும் அதையேதான் சொல்வேன் என்று தெரியும், அதனால் போனை ஓரமாக வைத்துவிட்டு நீ படித்த காலத்து நோட்டில் மிச்சமிருந்த தாளைக் கிழித்து எழுதுகிறேன். பதறாதே, பஞ்சு உயிரோடு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன ஆடியில் நீ விமானம் ஏறப்போகும்போது அதை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாயே, அன்றைக்குப் பூனைக்குச் சர்க்கரை வியாதியா, அதற்கு ஊசி வேறயா என்று இந்த ஊரே சிரித்தது, நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் எட்டு மாதத்தில் ஒரு நேரம் தவறவிட்டதில்லை கண்ணு. காலை ஏழு மணி, மாலை ஏழு மணி, ஊசியில் இரண்டு கோடு மருந்து, பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்துப் போட வேண்டும். முதலில் தீனி, தின்று முடித்த பிறகுதான் ஊசி என்று நீ படித்துப் படித்துச் சொன்னது என் கையிலேயே ஊறிவிட்டது. பஞ்சு தின்னும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அது மூஞ்சியைத் துடைக்க ஆரம்பித்ததும் ஊசியை எடுப்பேன். இப்படி ஊறிப்போனதுதான் வினையாகிவிட்டது.

அம்மாவுக்கு ஆபரேஷன் தேதி கொடுத்ததும் ஐந்து நாள் பூனையை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தது. உன் மாமன் மாணிக்கம் நான் பாத்துக்கறனுங்க மாமா, நீங்க அக்காவைக் கூட்டிட்டுப் போங்க என்று தானாகவே வந்து நின்றான். ஆடு மாட்டை விட்டுவிட்டு அவனால் இங்கே வந்து தங்க முடியாது, அதனால் பஞ்சுவைக் கூடையில் வைத்து எடப்புளி நாட்டில் அவன் ஊட்டுக்கே கொண்டுபோய் விட்டோம். உன் மாமனைக் கேலி பேசாமல் எனக்கு ஒரு நாள் போகாது என்பது உனக்குத் தெரியும், ஆனால் இந்த விஷயத்தில் அவன் காட்டிய அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன். முந்தின இரண்டு நாள் கத்தரிக்காயில் குத்திக் குத்திப் பழகினான். அங்கே பிரிட்ஜ் கிடையாது என்று, மருந்தை ஒரு சின்னப் பானையில் வைத்து அந்தப் பானையை ஈர மணலில் புதைத்து, மணல் காயக் காயத் தண்ணீர் தெளிக்கும் வேலையை உன் அத்தை பாப்பாத்தியிடம் கொடுத்துவிட்டான். நான் அவனுக்கு ஒரு தாளில் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவில் ஊசி படம் வரைந்து, இரண்டு கோடு போட்டு, காலை ஏழு மாலை ஏழு, ஒரு நேரமும் தவறக்கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அந்தத் தாளுக்குத் திரும்பவும் வருகிறேன்.

நாங்கள் திங்கட்கிழமை கிளம்பினோம். செவ்வாய்க்கிழமை அவர்கள் ஊரில் மாரியம்மன் நோன்புக்குப் பூக் கேட்டிருக்கிறார்கள். அம்மன் தலையில் வைத்த பூ தானாக விழுந்தால்தான் நோன்பு சாட்டித் திருவிழாவைத் தொடங்குவார்கள், அது வருடா வருடம் இரண்டு மூன்று செவ்வாய் தட்டிப்போய் எல்லோரையும் காக்க வைத்துத்தான் விழும். இந்த வருடம் வைத்த உடனே விழுந்துவிட்டது. அன்றே காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் ஊருக்குள் கறி, மீன், முட்டை எதுவும் நுழையக்கூடாது, தாளிக்கிற வாசம்கூட ஆகாது, கட்டினவர்கள் வெளியூரில் தங்கவும் கூடாது. உன் மாமன் இருபத்திரண்டு வருடமாகக் கரகம் எடுக்கிறவன், முதல் காப்பு அவன் கையில்தான். நீ அனுப்பின தீனி டின்னில் மீன் படம் போட்டிருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு அத்தனை டின்னையும் ஒரு பையில் போட்டு ஊர் எல்லைக்கு வெளியே பலாமரத்தில் கட்டித் தொங்கவிட்டுவிட்டான். பஞ்சுவுக்குப் பால்சோறு பிசைந்து வைத்திருக்கிறான். அது மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. நோம்பு நாள்ல பூனையும் ஒரு சந்தி விரதம் இருக்குது பாரு என்று பாப்பாத்தி சொல்லிச் சிரித்தாளாம். புது இடத்துக்கு வந்த பூனை இரண்டு நாள் முறுக்கிக்கொண்டுதான் கிடக்கும் என்று அவனும் விட்டுவிட்டான். புதன்கிழமை அக்காவுக்கு ஆபரேஷன், அன்றைக்குப் போய்ப் பூனை தின்னவில்லை என்று போன் பண்ணிப் பதற வைக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறான். ஆனால் ஊசியை மட்டும் நேரம் தவறாமல் போட்டான். செவ்வாய் மாலை, புதன் காலை, புதன் மாலை, வியாழன் காலை. வெறும் வயிற்றில் கண்ணு. நீ நர்ஸ், இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணி வாக்கில் பஞ்சு குடித்தவன் மாதிரித் தள்ளாடி அடுப்படியில் விழுந்து கைகால் வெட்டி இழுத்திருக்கிறது. அங்கே டவர் கிடையாது, மாணிக்கம் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடி என்னைக் கூப்பிட்டான். நான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு இட்லி வாங்க வரிசையில் நிற்கிறேன். ஏனுங்க மாமா, பூனை போவுதுங்க, என்னுங்க பண்ணட்டும் என்று அவன் அழுகிறான். அவ்வளவு தூரத்திலிருந்து நான் என்ன பண்ண முடியும். பஞ்சுவைப் பார்க்கிற நாமக்கல் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன், தேன் இருந்தால் ஈறில் தடவச் சொல்லுங்கள், தெளிந்ததும் உடனே அது தின்கிற தீனி எதையாவது கொடுத்து என்னிடம் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார். நம் மலையில் தேனுக்கா பஞ்சம். தேன் தடவி அரை மணி நேரத்தில் தலையைத் தூக்கியது. அடுத்தது தீனி. பால்சோற்றை அப்போதும் தொடவில்லை. தீனி பலாமரத்தில் தொங்குகிறது, டின்னை உடைத்து அதைக் கையால் தொட்டால் காப்புத் தீட்டு.

உன் மாமன் என்ன செய்தான் தெரியுமா. நேராகக் கோயிலுக்குப் போய் ஊர்க்கவுண்டர் முன்னால் நின்று காப்பை அவிழ்த்து அம்மன் காலடியில் வைத்துவிட்டான். நோன்பு சாட்டின பிறகு சாவு விழுந்த வீட்டுக்காரன்தான் காப்பை அவிழ்ப்பான், ஒரு பூனைக்காக யாரும் அவிழ்த்து நான் கேள்விப்பட்டதில்லை. இது என்னை நம்பி உட்டுட்டுப் போன உசுருங்க, ஆத்தா மன்னிக்கோணும் என்று மட்டும் சொன்னானாம். பஞ்சுவை மடியில் கட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போய், அந்தப் பலாமரத்தடியில் உட்கார்ந்து டின்னை உடைத்து விரலில் எடுத்து ஊட்டியிருக்கிறான். அப்புறம் சோளக்காடு போய் பஸ் பிடித்து, மலைப்பாதையின் எழுபது வளைவும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நாமக்கல் போய்ச் சேர்ந்தான். கரகத்தை ஊர்க்கவுண்டர் மகன் கார்த்தி எடுத்தான். நேற்று நோன்பு முடிந்தது. ஊரில் அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால்கூடத் திருப்பிச் சண்டை போட்டு ஆறியிருப்பான்.

இப்போது அந்தத் தாள். சனிக்கிழமை நாங்கள் மலை ஏறியதும் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நான் பஞ்சுவைக் கூட்டிவரப் போனேன். நீங்க எழுதினாப்பலயே தானுங்க மாமா போட்டேன், ஒரு நேரம் தவறலீங்க என்று மாணிக்கம் சுவரைக் காட்டினான். தாள் தொலைந்துவிடக் கூடாது என்று சுவரில் சோற்றுப் பசை தடவி, காலண்டருக்குப் பக்கத்தில் நாலு மூலையும் அழுத்தி ஒட்டி வைத்திருந்தான். நான் எழுதினதில் பாதிதான் அங்கே தெரிந்தது. ஏனென்றால் கண்ணு, தீனி தின்றால்தான் ஊசி, தின்னாவிட்டால் போடாதே, எனக்குப் போன் பண்ணு என்று நான் எழுதினது அந்தத் தாளின் பின்பக்கம். முன்பக்கத்தில் ஊசி படத்தைப் பெரிதாக வரைந்ததில் இடம் தீர்ந்துவிட்டது. தின்ற பிறகு ஊசி என்பது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டதால், இதைப் போய்ச் சொல்லவும் வேண்டுமா என்ற நினைப்பில் கடைசியில் சின்னதாக எழுதினேன். பின்னால் ஒரு வரி இருக்கிறது, திருப்பிப் பார் என்று வாயால் சொல்ல நினைத்தேன், அதற்குள் பஸ் வந்துவிட்டது. நீ முதல் வரியாகச் சொன்னதை நான் கடைசி வரியாக எழுதினேன்.

மாணிக்கம் பூனைக்கு வெந்நீர் வைக்க உள்ளே போனதும் அந்தத் தாளைப் பிய்த்து எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நாலு மூலை மட்டும் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அவன் வந்து பார்த்துவிட்டு, ஞாபகத்துக்கு எடுத்துக்கிட்டீங்களா மாமா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அருள்மொழிப் பாப்பா கிட்ட நானே சொல்லிக்கறனுங்க, என் கையால வந்த வினை என்றான். நான் கூடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் இப்படியொரு கோழைத்தனம் என்னிடம் இருக்கும் என்று எனக்கே தெரியாது.

பஞ்சு தின்கிறது, நடக்கிறது. ஆனால் கண் தெரியவில்லை. மிளகு மூட்டையில் முட்டிக்கொள்கிறது, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது, என் கால் சத்தம் கேட்டால் மட்டும் திரும்புகிறது. சர்க்கரை இறங்கி மூளை அடிவாங்கியதால் வந்தது, இரண்டு வாரத்தில் பார்வை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், காத்திருங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். மருந்தை ஒரு கோடாகக் குறைத்திருக்கிறார். அந்த ஒரு கோட்டையும் இப்போது நான் தனியாகப் போடுவதில்லை. மாணிக்கம் தினமும் முதல் பஸ்ஸில் வந்து பஞ்சு தின்பதை மண்டியிட்டுப் பார்க்கிறான், தின்னுடுச்சுங்க மாமா என்று அவன் சொன்ன பிறகுதான் நான் ஊசியை எடுக்கிறேன். மாலையும் இருந்து பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் போகிறான். நேற்று அவன் ஊரில் கரகம் சுற்றிவந்த நேரத்துக்கு அவன் நம் வீட்டு அடுப்படியில் பூனை முன்னால் உட்கார்ந்திருந்தான். உன் அம்மாவிடமும் சொல்ல முடியவில்லை. ஒரு மாதத்துக்கு அழக்கூடாது, கண்ணில் நீர் படக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பூனை ஏன் முட்டிக்கொள்கிறது என்று கேட்டாள், வயதாகிவிட்டது என்றேன். புதுக் கண் அவளுக்கு, இன்னும் எத்தனை நாளைக்கு நம்புவாள். எனக்குக் கண் குடுத்த நேரத்துல அதுக்குப் போயிருச்சேன்னு இருக்குதுங்க என்று இன்று காலை சொன்னாள். கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அழவில்லை.

மற்றபடி மிளகு பறித்துக் காயப்போட்டாகிவிட்டது. மழை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. அம்மா உனக்கு மிளகுப் பொடி இடித்து வைக்கச் சொல்லியிருக்கிறாள், யார் வந்தாலும் கொடுத்தனுப்புகிறேன். நீ நைட் டூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்காதே சாமி. பஞ்சுவுக்கு இனி என்ன செய்யலாம் என்று உங்கள் ஊர் டாக்டர் யாரிடமாவது கேட்டுச் சொல். ஒன்றும் செய்வதற்கில்லை என்றாலும் சொல், தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் பெரிய பாடாக இருக்கிறது. என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. உன் மாமனை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடாதே. நாளைக் காலை அவன் வந்ததும் சுவரிலிருந்து பிய்த்து எடுத்த அந்தத் தாளை அவன் கையில் கொடுத்துப் பின்பக்கத்தைக் காட்டப்போகிறேன். உனக்கு எழுதிவிட்டேன் என்றால் பின்வாங்க முடியாது, அதற்காகத்தான் முதலில் உனக்கு எழுதினேன். காப்பை அவனுக்குத் திருப்பிக் கட்டிவிட என்னால் முடியாது.

அம்மாவும் நானும் உனக்கு ஆயுசையும் நல்ல மனதையும் கேட்டு ஆத்தாளைக் கும்பிட்டுக்கொள்கிறோம். இதைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். மூன்று தாள், ஆறு பக்கம், பின்பக்கத்திலும் எழுதியிருக்கிறேன். ஆறும் வந்து சேர்ந்ததா என்று எண்ணிப் பார்த்துக்கொள் கண்ணு.

இப்படிக்கு,
உன் அப்பா,
ராசப்பன்.